கேள்வி–பதில்: கூலிகளின் துபாஷி

வாசகி ஒருவர், மண்டபம்: இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன நம் மக்கள் எங்கள் ஊர் முகாமைக் கடந்துதான் போனார்கள். கொரியாவின் முதல் பெண் சோசலிஸ்டும் இப்படிப் பிழைக்கப் போனவர்களிடையே தோன்றியவர் என்று ஒரு கூட்டத்தில் கேட்டேன். யார் அவர்?

அலெக்சாந்திரா கிம். கொரியாவிலிருந்து ரஷ்யாவின் தூரக்கிழக்கில் குடியேறிய குடும்பத்தில் 1885-இல் பிறந்தவர். தந்தை மஞ்சூரியாவில் ரயில்பாதை வேலையில் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்ததால், சீனக் கூலிகளுக்கும் ரஷ்ய அதிகாரிகளுக்கும் நடுவே வளர்ந்த அவருக்குச் சிறு வயதிலேயே பல மொழிகள் வசமாயின. தந்தை இறந்தபின் குடும்ப நண்பர் ஒருவரின் ஆதரவில் வளர்ந்தார், ஆசிரியையாகவும் இருந்தார்.

அவருடைய அரசியல் முதல் உலகப் போர்க் காலத்தில் ஊரல் மலைப்பகுதியில்தான் உருவாயிற்று என்பது என் கருத்து. அங்கே மரம் வெட்டவும் அறுக்கவும் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்ட கொரியருக்கும் சீனருக்கும் அவர் மொழிபெயர்ப்பாளராகப் போனார். தோட்டத்துக்கு ஆள் பிடித்த கங்காணியைப் போலவே முதலாளிக்கும் கூலிக்கும் நடுவில் நிற்கும் இடம் அது. ஆனால் கங்காணி முதலாளி பக்கம் சாய்ந்தான், இவரோ கூலிகளின் குறைகளை எடுத்துச் சொல்லத் தொடங்கி, அவர்களைச் சங்கமாகத் திரட்டி, லெனினின் போல்ஷ்விக் கட்சியிலும் சேர்ந்தார்.

1917 புரட்சிக்குப் பிறகு ரஷ்யத் தூரக்கிழக்கின் கபரோவ்ஸ்க் நகரில் சோவியத் ஆட்சியின் வெளியுறவுப் பொறுப்பு அவரிடம் வந்தது. கொரியாவை ஆண்டுவந்த ஜப்பானை எதிர்த்து நாடு கடந்திருந்த முன்னாள் ராணுவ அதிகாரி யி தொங்-ஹ்வி முதலானோருடன் சேர்ந்து, 1918-இல் கொரியர்களின் முதல் சோசலிசக் கட்சியை அங்கேதான் அமைத்தார். அதே ஆண்டு புரட்சியை எதிர்த்த ரஷ்யரின் வெண்படையும் ஜப்பானியப் படையும் நெருங்கியபோது, ஆமூர் ஆற்றில் நீராவிக் கப்பலில் வெளியேற முயன்று பிடிபட்டார். செப்டம்பரில் அவரைச் சுட்டுக் கொன்றனர். கொரியாவின் 13 மாகாணங்களை நினைத்துச் சாகுமுன் 13 அடி நடந்தார் என்று ஒரு கதை உண்டு. நான் அதைவிட அந்த ஊரல் ஆண்டுகளையே பெரிதாக மதிக்கிறேன். கம்யூனிசத்தை நெடுங்காலம் குற்றமாகவே நடத்திய தென்கொரிய அரசு 2009-இல் அவருக்கு விருது வழங்கியது.

வாசகி ஒருவர், சின்னப்பாலம்: நாங்கள் கடற்பாசி எடுக்கும் பெண்கள். கொரியாவுக்குள்ளேயே பெண்கள் தனிச் சங்கம் வைத்திருந்தார்களா?

வைத்திருந்தார்கள். 1924-இல் ஹோ ஜோங்-சுக், ஜூ சே-ஜுக் முதலிய சோசலிசப் பெண்கள் சியோலில் ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். 1927-இல் அவர்களும் கிறித்தவப் பெண்களும் இணைந்து குன்-உ-ஹோ என்ற சங்கத்தை நிறுவினர். குழந்தைத் திருமண ஒழிப்பு, கூலியில் ஆண்–பெண் வேறுபாடு நீக்கம், பேறுகால விடுப்புக்குச் சம்பளம், பெண்களுக்கு இரவு வேலைத் தடை என்று அதன் கோரிக்கைகள் நீண்டன. சங்க வேலையில் உள்ள உங்களுக்கு அவை புதியனவாக இரா. ஜப்பானியர் அடக்குமுறையாலும் உட்பூசலாலும் 1931-இல் அது கலைந்தது. சிறை சென்ற ஹோ ஜோங்-சுக் பின்னர் வடகொரியாவின் பண்பாட்டு அமைச்சரானார். ரஷ்யாவில் தஞ்சம் புகுந்த ஜூ சே-ஜுக்கையோ, 1938-இல் சோவியத் அரசே கஜகஸ்தானுக்கு நாடு கடத்தியது.