யார் கட்டிய ஸ்டார்?

அன்புள்ள அண்ணா,

உங்கள் தளத்தை நான்கைந்து வருடமாக வாசிக்கிறேன். கடிதம் எழுதுவது இதுதான் முதல் முறை. கோவையில் இருக்கிறோம். மகளுக்கு எட்டு வயது, மகனுக்கு ஐந்து. நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். மாமியார் எங்களோடுதான் இருக்கிறார்.

அரையாண்டு விடுமுறைக்கு மகளின் பள்ளியில் ஒரு புராஜெக்ட் கொடுத்தார்கள். வீட்டில் வேண்டாத பொருட்களை வைத்து கிறிஸ்துமஸ் குடில் செய்ய வேண்டும். தெர்மாகோல், சார்ட், கிளிட்டர், ஐஸ் குச்சி எல்லாம் சேர்த்து 640 ரூபாய் ஆனது. அவள் பத்து நிமிடம் உட்கார்ந்தாள், எழுந்து டிவி பார்க்கப் போய்விட்டாள். இரவு பன்னிரண்டரை வரை உட்கார்ந்து நான்தான் முடித்தேன். கொலுவுக்கும் இதே கதைதான்.

வீட்டு வேலையிலும் அப்படியே. சாப்பிட்ட தட்டைக்கூட எடுப்பதில்லை. சொன்னால் "அப்புறம்" என்கிறாள். சின்னவனைத் துணி மடிக்கக் கூப்பிட்டால் மாமியார், "பையனுக்கு எதுக்கு இதெல்லாம்?" என்கிறார். வேலைக்கு ஐந்து ரூபாய் என்று கொடுத்துப் பார்க்கலாமா என்று கணவர் கேட்கிறார். இந்த வயதுப் பிள்ளைகளிடம் வேலை வாங்குவது சரிதானா? இல்லை, நான்தான் அதிகம் எதிர்பார்க்கிறேனா?

ஒரு வாசகி, கோவை

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருந்தார்.)

*

அன்புள்ள வாசகிக்கு,

வேண்டாத பொருட்களில் குடில் செய்ய 640 ரூபாய். அந்த வரியை வீட்டில் வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். மனைவி சிரிக்கவில்லை. "நாம போன வருசம் எவ்வளவுக்கு வாங்கினோம்னு அவங்களுக்கு எழுதுங்க" என்றாள். அதை எழுதப்போவதில்லை.

உங்கள் மகள் பத்து நிமிடத்தில் எழுந்து போனதில் எனக்குக் குற்றம் தெரியவில்லை. அங்கே அவளுக்கு என்ன வேலை இருந்திருக்கும்? அட்டையை நீங்கள் வெட்டியிருப்பீர்கள், ஏனென்றால் கத்தி கூர்மை. பசையை நீங்கள் ஊற்றியிருப்பீர்கள், ஏனென்றால் சிந்தும். கூரையை நீங்கள் நிறுத்தியிருப்பீர்கள், ஏனென்றால் கோணிவிடும். மிச்சம் இருந்தது கிளிட்டர் தூவுவது. கல்யாண வீட்டு வாசலில் பன்னீர் தெளிக்க நிறுத்திவைத்த பிள்ளை எவ்வளவு நேரம் நிற்கும்?

நீங்கள் எழுதாததை எல்லாம் எப்படிச் சொல்கிறேன் என்றால், நானும் அதே ஆள்தான்.

எனக்கு ஊர் நாகர்கோவில் பக்கம். டிசம்பர் பிறந்தால் அப்பா மூங்கில் பிளாச்சு வாங்கிவந்து திண்ணையில் போடுவார். கடையில் மடித்து விற்கும் அட்டை ஸ்டார் அப்போது எங்கள் தெருவுக்கு வந்திருக்கவில்லை. வந்த பிறகும் அவர் வாங்கவில்லை. பத்துக் குச்சிகளைச் சீவி ஒரே நீளமாக நறுக்குவார். ஐந்தை ஒன்றன்மேல் ஒன்று குறுக்காகப் போட்டு முனைகளைக் கட்டினால் ஒரு தட்டை நட்சத்திரம். இன்னொரு ஐந்தில் இன்னொன்று. இரண்டையும் சேர்த்துவைத்து ஐந்து முனைகளையும் இறுகக் கட்டிவிடுவார். பிறகுதான் வித்தை. உள்ளே குச்சிகள் ஒன்றையொன்று வெட்டிப்போகும் இடங்கள் ஐந்து இருக்கும். அந்த ஐந்திலும் விரல் நீளக் குச்சி ஒன்றை முட்டுக்கொடுத்து இரண்டு நட்சத்திரங்களையும் விலக்குவார். அதுவரை அப்பளம் மாதிரிக் கிடந்தது பூரி மாதிரி உப்பி எழும். அப்புறம் வண்ணத்தாள், உள்ளே குண்டு பல்பு.

முட்டுக்கொடுக்கிற வேலை எனக்கு. ஆறு வயதிலிருந்து அது என்னுடையது. குச்சி நழுவி மூக்கில் அடித்திருக்கிறது. ஒரு வருடம் நான்காவது முட்டு நிற்கவே இல்லை. அப்பா பீடியைப் பற்றவைத்துக்கொண்டு தெருவைப் பார்த்து உட்கார்ந்திருந்தார், கை நீட்டவில்லை. அவருக்குப் பிள்ளை வளர்ப்புக் கொள்கை எதுவும் இருந்ததாக நான் நினைக்கவில்லை. அவர் கை ஓய்வில் இருந்தது, அவ்வளவுதான்.

இவ்வளவும் தெரிந்த நான் என் மகளுக்கு என்ன செய்தேன் என்று கேளுங்கள். அவளுக்கு ஆறு வயதானபோது, ஸ்டார் கட்டலாம் வா என்று ஆசையாக உட்காரவைத்தேன். பிளாச்சு சீவினால் சிராய் ஏறும், நான் செய்கிறேன். முடிச்சு இறுக்கமாக வேண்டும், நான் போடுகிறேன். முட்டு குத்திவிடும், தள்ளி நில். கடைசியில் அவள் கையில் ஜிகினாத் தூள் டப்பாவைக் கொடுத்தேன். திரும்பிப் பார்த்தால் ஆள் இல்லை. அந்த வருடத்து ஸ்டார் மிக அழகாக வந்தது. வந்தவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள், பாப்பா செய்தாளா என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். பக்கத்தில் நின்ற அவள், "இல்ல, அப்பா செஞ்சது" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னாள்.

அடுத்த வருடம் குச்சியை ஒன்றரை அடிக்குக் குறைத்தேன், பிள்ளையின் கை எட்டுகிற நீளம். சீவுவதையும் மின்சார ஒயரையும் மட்டும் நான் வைத்துக்கொண்டேன், மற்றதெல்லாம் அவளுக்கு. அப்பாவிடம் ஸ்கேல் கிடையாது. குச்சி நீளத்துக்கு ஒரு நூலை அளந்து எட்டாக மடிப்பார். ஒவ்வொரு முனையிலிருந்தும் மூன்றாவது மடிப்பில் ஒரு கோடு. குச்சிகள் அந்தக் கோட்டில் ஒன்றையொன்று வெட்டினால் நட்சத்திரம் சரியாக வரும். பிற்காலத்தில்தான் பார்த்தேன், கணக்குப் புத்தகம் தங்க விகிதம் என்று சொல்வதற்கு அந்த நூல் மடிப்பு மிக நெருக்கத்தில் இருக்கிறது. பதினெட்டு அங்குலக் குச்சிக்கு முனையிலிருந்து ஆறேமுக்கால் அங்குலம். துல்லியமாகப் போட்டால் ஆறே முக்காலே அரைக்கால். வித்தியாசம் அரைக்கால் அங்குலம், அதாவது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்குதான். முடிச்சு அதை விழுங்கிவிடும். மகள் நூலை மடித்து, எண்ணி, பேனாவால் கோடு போட்டாள். ஒரு குச்சியில் எண்ணிக்கை பிசகி இரண்டாவது மடிப்பில் போட்டுவிட்டாள். நான் பார்த்தேன். நாக்கு நுனி வரை வந்ததை அடக்கிக்கொண்டேன், அதற்குப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கட்டி முடித்துத் தூக்கிப் பார்த்தபோது நட்சத்திரம் ஒரு காலைச் சப்பாணி போல மடக்கிக்கொண்டிருந்தது. அவளே வெகுநேரம் உற்றுப்பார்த்தாள். பிறகு மூன்று முடிச்சுகளை அவிழ்த்துத் திரும்பக் கட்டினாள். இரண்டு மணி நேர வேலைக்கு இரண்டு நாள் ஆனது. டிவி ஞாபகம் யாருக்கும் வரவில்லை.

ஒரு தகவல். இன்று பல நாடுகளில் தொங்கும் பல முனைத் தாள் நட்சத்திரம் ஒன்று உண்டு, மொரேவியன் நட்சத்திரம் என்பார்கள். அது 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஜெர்மனியின் நீஸ்கியில் மொரேவியன் என்ற கிறிஸ்தவ சபை நடத்திய பள்ளியில் வடிவியல் பாடமாகப் பிறந்தது. பையன்கள் அளந்து, மடித்து, ஒட்டினார்கள். அதுவும் பள்ளி புராஜெக்ட்தான்! ஆனால் அங்கே யாருடைய அம்மாவும் பன்னிரண்டரை வரை கண்விழித்ததாகத் தெரியவில்லை. அடுத்த முறை புராஜெக்ட் வந்தால் மகள் செய்தவரை கொடுத்தனுப்புங்கள். நான்கு ஐஸ் குச்சியும் ஒரு சோப்பு டப்பாவுமாக இருந்தாலும் சரி. டீச்சர் ஏதாவது சொன்னால், வேண்டாத பொருட்கள் எங்கள் வீட்டில் இவ்வளவுதான் இருந்தன என்று சொல்லிவிடுங்கள்.

இனி வீட்டு வேலை. கைவேலையையும் வீட்டு வேலையையும் நீங்கள் இரண்டு தனிப் பத்திகளில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு இரண்டும் ஒரே புகார்தான். வேலையின் உயிரான பகுதியை நாம் வைத்துக்கொண்டு, உப்புச்சப்பில்லாத நுனியைப் பிள்ளையிடம் கொடுக்கிறோம். "தட்டை எடு" என்பது வேலையில்லை, ஏவல். யாருக்குத்தான் ஏவல் பிடிக்கும்? எனக்கும் பிடிக்காது, என் மனைவி தெருமுனைக் கடைக்குப் போகச் சொன்னால் நானும் "அப்புறம்" என்றுதான் சொல்கிறேன். மாறாக, இரவுச் சாப்பாட்டுக்கு எல்லோருக்கும் தட்டு வைப்பது, தண்ணீர் வைப்பது, முடிந்ததும் மேசையைத் துடைப்பது, இது முழுக்க உன் பொறுப்பு என்று மகளிடம் கொடுத்துப் பாருங்கள். ஒருநாள் தண்ணீர் வைக்க மறப்பாள். நீங்கள் எழுந்துபோய் எடுக்காதீர்கள். உங்கள் கணவருக்கு விக்கல் எடுக்கட்டும்.

மரியா மாண்டிசோரி 1907இல் ரோமின் சான் லொரென்சோ பகுதியில் ஏழைத் தொழிலாளர் பிள்ளைகளுக்காகப் பள்ளி திறந்தபோது, நல்ல பொம்மைகளைப் பிள்ளைகள் சீண்டாமல் விட்டதைக் கவனித்தார். பெருக்குவதும், தண்ணீரை ஊற்றுவதும், மேசை துடைப்பதும் அவர்களுக்குப் பிடித்திருந்தன. அவர் 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து, போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் தங்கி, நம் நாட்டு ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். மாண்டிசோரி என்று பலகை மாட்டிய பள்ளிகள் நம் ஊர்களில் தெருவுக்கு ஒன்று இருக்கின்றன. சின்னத் துடைப்பம் எத்தனை பள்ளியில் இருக்கிறது? அவர் முறையில் அது முக்கியம். கைக்கு அடங்காத கருவியைக் கொடுத்துவிட்டுப் பிள்ளைக்கு வேலை வரவில்லை என்று சொல்லக்கூடாது. என் மகனுக்கு ஐந்து வயதில் தேய்ந்துபோன தென்னை வாரியல் ஒன்றைப் பாதியாக நறுக்கி, கயிற்றால் திரும்பக் கட்டிக் கொடுத்தேன். அது அவன் வாரியல். வேறு யாரும் தொட்டால் சண்டை. வாசலைக் கூட்டுகிறேன் என்று குப்பையை இடமாற்றம் செய்துகொண்டிருந்தான், ஏறக்குறைய ஒரு மாதம். அவன் தூங்கிய பிறகு மனைவி கூட்டுவாள். தூங்கிய பிறகு என்பதைக் கவனியுங்கள். அவன் கண்முன்னால் ஒரு தடவை திரும்பக் கூட்டியிருந்தால் வாரியல் பரணுக்குப் போயிருக்கும்.

காசு விஷயம். செய்யாதீர்கள். நான் செய்தேன். வேலைக்கு ஐந்து ரூபாய் என்று அறிவித்த முதல் வாரம் வீடு பளபளத்தது. இரண்டாவது வாரம் எனக்குக் காய்ச்சல், படுத்திருந்தேன். மகன் ஒரு டம்ளர் வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தான். குடித்து முடிக்கும்வரை நின்று, டம்ளரை வாங்கிக்கொண்டு, "அஞ்சு ரூவா" என்றான். கொடுத்துவிட்டேன். அன்றோடு திட்டம் ரத்து. கைச்செலவுக்குக் காசு கொடுப்பது வேறு, அதைத் தாராளமாகக் கொடுங்கள். வேலையோடு முடிச்சுப் போட வேண்டாம்.

இதெல்லாம் நேரம் தின்னும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். காலை ஏழரை மணிக்கு வேன் வரும் வீட்டில் பிள்ளையே ஷூ லேஸ் கட்டட்டும் என்று காத்திருக்க முடியாது, கட்டிவிட்டு அனுப்புங்கள். இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் சில நாட்கள் டிவிதான் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான், அதற்காகக் குற்றவுணர்ச்சி எதுவும் வேண்டாம். விடுமுறையில்தான் மெதுவாகச் செய்ய இடம் கிடைக்கிறது.

ஸ்டார் கட்டப் போகிறீர்கள் என்றால் பசைக்கு ஒரு குறிப்பு. இரண்டு ஸ்பூன் மைதாவைப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, அடுப்பில் வைத்துக் கிண்டினால் கண்ணாடி மாதிரி ஆகும்போது இறக்கிவிடலாம். எங்கள் ஊரில் பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் போடுவார்கள். அது விஷம், ஐந்து வயதுப் பிள்ளை இருக்கும் வீட்டில் வேண்டவே வேண்டாம். அன்றன்றைக்குக் கிண்டி அன்றே தீர்த்துவிடுங்கள். தீராவிட்டால் மறுநாள் நாற்றமே சொல்லிவிடும்.

உங்கள் மாமியாரைப் பற்றி எழுதியதைத்தான் அதிகம் யோசித்தேன். அவரிடம் வாதாடாதீர்கள், உங்கள் மாமியார் என்றில்லை, எந்த மாமியாரையும் வாதத்தில் ஜெயிக்க முடியாது. பையன் வேலை செய்யக்கூடாது என்பது அவர் எண்ணமாக இருக்கலாம். உங்கள் பையனுக்கு நீங்கள் வேலை சொல்வது அவருக்குப் பிடிக்காமலும் இருக்கலாம். எது என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. இது மொச்சைக் காலம். ஒரு கிலோ பச்சை மொச்சை வாங்கி, உரித்து, இரவு தண்ணீரில் ஊறப்போடுங்கள். காலையில் கிண்ணத்தை அவர் முன்னால் வைத்து, "எனக்குப் பிதுக்க வரலை அத்தை, இவனுக்காவது சொல்லிக் கொடுங்க" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விடுங்கள். கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தினால் தோல் கையோடு நிற்கும், பருப்பு வழுக்கிக்கொண்டு பாயும். முதல் பத்துப் பருப்பு சோபாவுக்கு அடியில்தான் போகும். பாட்டி திட்டுவார். பதினோராவது கிண்ணத்தில் விழும்போது அவர் என்ன சொல்கிறார் என்று எனக்கு எழுதுங்கள்.