நான்ட்விச் போரில் அரசர் படை ஏன் தோற்றது?

இங்கிலாந்து உள்நாட்டுப் போரின்போது, 1644 ஜனவரி 25-இல் செஷயர் பகுதியில் நடந்த சண்டைதான் நான்ட்விச் போர். நாடாளுமன்றத்தின் பக்கம் நின்ற நான்ட்விச் என்ற அந்த ஊரை அரசர் முதலாம் சார்லஸின் தளபதி பைரன் முற்றுகையிட்டிருந்தார். மீட்க வந்தவர் நாடாளுமன்றப் படைத் தளபதி தாமஸ் ஃபேர்ஃபாக்ஸ்.

பைரனைக் கவிழ்த்ததில் பாதிப் பங்கு பனிக்குத்தான் என்பேன். பனி உருகி வீவர் ஆறு பெருகியது. பாலத்தை அடித்துக்கொண்டு போனது. அவர் படை இரு கரைகளில் பிரிந்து நின்றது. வண்டி இக்கரையில், மாடு அக்கரையில் என்றால் எப்படி? சுற்றி வந்து ஒன்றுசேர்வதற்குள் ஃபேர்ஃபாக்ஸ் நெருங்கிவிட்டார். ஊருக்குள் அடைபட்டிருந்தவர்களும் வெளியே பாய்ந்து பின்னாலிருந்து தாக்கினார்கள். அப்புறம் அந்த வெற்றி நாளை, ஹாலி என்ற முள் இலைச் செடியின் கொத்தைத் தொப்பியில் செருகி ஊரே கொண்டாடியது.

நாடாளுமன்றப் படை என்றதும் முடியாட்சியையே ஒழிக்கக் கிளம்பியவர்கள் என்று நினைக்க வேண்டாம். அப்போது அவர்கள் ‘அரசருக்காகவும் நாடாளுமன்றத்துக்காகவும்’ என்று சொல்லித்தான் போரிட்டார்கள்.