பெண் குழந்தைக்கு வைக்க, உலக மொழிகளில் அரிதான நல்ல பெயர்கள் எவை?

அதிகம் பேர் வைக்காத பெயராக இருக்க வேண்டும், பொருளும் நன்றாக இருக்க வேண்டும், எந்த நாட்டுப் பெயரானாலும் சரி என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்று வருடம் முன்பு நானும் மனைவியும் இதே தேடலில்தான் இருந்தோம். ஒரு நோட்டில் நூற்றுச் சொச்சம் பெயர்கள் எழுதி, ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தோம். அடித்த கதைதான் உங்களுக்கு அதிகம் பயன்படும்.

முதலில் மனதில் ஒட்டியது செரென். வேல்ஸ் மொழியில் நட்சத்திரம். ஆசையாக அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "சேரனா? அது ஆம்பளப் பிள்ளை பேராச்சே?" அத்தோடு அது முடிந்தது. அதே மொழியில் ஐரா என்றால் வெண்பனி. கூப்பிடவும் எளிது. ஆனால் மனைவிக்கு ஐராவதம்தான் ஞாபகம் வந்தது. உங்களுக்கு அப்படித் தோன்றாவிட்டால் தாராளமாக வைக்கலாம்.

அர்மேனியப் பெயர் லூசினே. நிலா என்று பொருள், குறை சொல்ல ஒன்றுமில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அதை எப்படிச் சுருக்குவார்கள் என்று ஒரு நிமிடம் யோசித்தோம், உடனே அடித்துவிட்டோம். கொரிய மொழியில் நாரி என்பது லில்லிப் பூ. நெடில் குறிலானால் நரி! நம் மாலாவுக்கும் இதே கதிதான்: ஸ்பானிய மொழியில் 'மாலா' என்றால் கெட்டவள்.

பெயர்ப் பட்டியல் போடும் தளங்களை அப்படியே நம்பாதீர்கள். வனெசா என்றால் கிரேக்க மொழியில் பட்டாம்பூச்சி என்று பல இடங்களில் பார்த்தேன். அது கிரேக்கச் சொல்லே இல்லை. 18ஆம் நூற்றாண்டில் எழுத்தாளர் ஜோனதன் ஸ்விஃப்ட், தன் தோழி ஒருத்தியின் பெயரையும் குடும்பப் பெயரையும் வெட்டி ஒட்டிச் செய்த பெயர் அது. பட்டாம்பூச்சிப் பேரினம் ஒன்றுக்கு அந்தப் பெயரைச் சூட்டியது 1807இல். பெண் முந்தி, பூச்சி பிந்தி. செசீலியா என்ற இனிமையான பெயரின் வேர் லத்தீனில் 'குருடு' என்ற சொல். அதற்காக வைக்கக்கூடாது என்றில்லை, தெரிந்து வைப்பது வேறு.

பொருளை மட்டும் பார்த்தாலும் போதாது. ஃபின்லாந்தின் ஐனோவை ரொம்ப நாள் வைத்திருந்தோம். 'ஒரே ஒருத்தி' என்ற பொருள். நாட்டுப்பாடல்களில் வெறும் அடைமொழியாக இருந்த சொல்லை, காலெவாலா காவியத்தைத் தொகுத்த எலியாஸ் லொன்ரோட் ஒரு பெண்ணின் பெயராக்கினார். அந்தப் பெண்ணோ கிழவனைக் கட்டிக்கொள்ள மனமில்லாமல் தண்ணீரில் மூழ்கிப் போகிறாள். இதைப் படித்ததும் எனக்கு மனசு வரவில்லை. மனைவி சொன்ன காரணம் வேறு: "ரெண்டாவதும் பொண்ணு பொறந்தா என்ன பண்றது?"

துருக்கியின் அய்லா அழகு. நிலா கோட்டை கட்டியிருக்கிறது என்போமே, அந்த ஒளிவட்டம்தான் அய்லா. அயர்லாந்தின் நீவ் என்றால் ஒளி, ஆனால் ஆங்கில எழுத்தில் எழுதினால் கடைசியில் எம், எச் வரும், பார்த்த யாரும் 'நீவ்' என்று படிக்கமாட்டார்கள். நைஜீரியாவில் யொருபா மக்கள், பாட்டி இறந்த பிறகு பிறக்கும் பெண்ணுக்கு யெடுண்டே என்று வைப்பார்கள். 'அம்மா திரும்பி வந்தாள்' என்று அர்த்தம்.

ஐஸ்லாந்தில் ப்ளைர் என்றால் இளங்காற்று, நம் தென்றல் மாதிரி. அங்கே பெயர்களை அனுமதிக்க ஒரு குழு உண்டு. அந்தச் சொல் இலக்கணப்படி ஆண்பால் என்று அந்தக் குழு மறுத்துவிட்டதால், ஒரு பெண்ணின் அரசு ஆவணங்களில் வருடக்கணக்கில் 'சிறுமி' என்றே இருந்தது. 2013இல் வழக்குப் போட்டு ஜெயித்தபோது அவளுக்கு வயது 15.

நாங்கள் கடைசியில் போய் நின்றது கானாவில். அங்கே அகான் மக்கள் பிறந்த கிழமையை வைத்தே பெயரிடுவார்கள். ஐ.நா. பொதுச்செயலாளராக இருந்த கோஃபி அன்னானின் 'கோஃபி', வெள்ளிக்கிழமை பிறந்த ஆணின் பெயர். பெண்களுக்கு செவ்வாய் என்றால் அபெனா, வியாழன் என்றால் யா, ஞாயிறு என்றால் அகோசுவா. எங்கள் மகள் பிறந்தது சனிக்கிழமை விடிகாலை. சனிக்கிழமைக்காரி அமா.

அம்மாவுக்குத் திரும்பவும் போன் போட்டேன், இந்தமுறை கொஞ்சம் பயத்தோடு. இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். மூன்றாவது தடவை அது 'அம்மா' ஆகிவிட்டது. இன்றுவரை அப்படித்தான் கூப்பிடுகிறாள். பேத்தியும் திரும்பிப் பார்க்கிறாள்.