கிட் நிறுவுவதில் சிக்கலா? செட்டிநாட்டு வாசகர் கேள்விகளுக்குப் பதில்

(கிட் என்பது கோப்புகளில் செய்யும் மாற்றங்களைப் பதிவு செய்து வைக்கும் மென்பொருள். கட்டளைகளை இங்கே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். கணினியில் ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டவும்.)

விண்டோஸ் 11-ல் கிட் நிறுவிவிட்டேன். ஆனால் விஎஸ் கோடு எடிட்டரின் டெர்மினலில் (கட்டளை தட்டும் பகுதியில்) அப்படி ஒரு கட்டளையே இல்லை என்று வருகிறது. – பொறியியல் மாணவர், காரைக்குடி

நிறுவும்போது விஎஸ் கோடு திறந்தே இருந்திருக்கும். எந்த மென்பொருளும் தான் திறக்கப்பட்ட நேரத்துப் பாத் பட்டியலைத்தான் (கட்டளைகளைத் தேட வேண்டிய ஃபோல்டர்களின் பட்டியல்) வைத்திருக்கும். டெர்மினலை மட்டும் மூடினால் போதாது. விஎஸ் கோடையே முழுக்க மூடித் திறங்கள்.

அப்படியும் வரவில்லையா? நிறுவும்போது பாத் பற்றிக் கேட்ட திரையில் 'கிட் பாஷில் மட்டும்' (கிட்டோடு வரும் கட்டளைத் திரையில் மட்டும்) என்ற முதல் தெரிவை எடுத்திருப்பீர்கள். பழையதை நீக்க வேண்டாம், அதே இன்ஸ்டாலரை மறுபடி ஓட்டுங்கள். முதல் திரையின் அடியில் 'புதிய தெரிவுகளை மட்டும் காட்டு' என்று ஒரு டிக் இருக்கும். அதை எடுக்காவிட்டால் பாத் திரை கண்ணிலேயே படாது. பலரும் தடுக்கி விழுவது இங்கேதான். பாத் திரையில் நடுத் தெரிவை எடுங்கள்.

போகிற போக்கில் எடிட்டர் திரையில் விம் என்ற பழைய எடிட்டரை மாற்றி நோட்பேட் அல்லது விஎஸ் கோடு வைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே விம்முக்குள் மாட்டிக்கொண்டு முழிப்பவர்களுக்கு: எஸ்கேப், கோலன், க்யூ, ஆச்சரியக்குறி, என்டர்.

அரசு தந்த பழைய லேப்டாப், விண்டோஸ் 7. புது கிட் ஏறவில்லை. – தேவகோட்டை

ஏறாது. விண்டோஸ் 7-க்கான கடைசிப் பதிப்பு 2.46.2. கற்றுக்கொள்ள அது தாராளமாகப் போதும். ஆனால் பாதுகாப்புத் திருத்தம் எதுவும் இனி வராது என்பதால், இடம் இருந்தால் இலகுவான லினக்ஸ் ஒன்றைப் போட்டுக்கொள்வதே நல்லது.

எங்கள் ஆத்தங்குடி கல் பட்டறையின் வடிவக் கோப்புகளுக்குத் தமிழிலேயே பெயர் வைத்திருக்கிறோம். மாறிய கோப்புகளைக் காட்டும் 'கிட் ஸ்டேட்டஸ்' கட்டளையைக் கொடுத்தால் \340\256\206 என்று எண்களாகக் கொட்டுகிறது. கோப்பு கெட்டுவிட்டதா? – காரைக்குடி

கெடவில்லை. அந்த மூன்று எண்களும் சேர்ந்து 'ஆ' என்ற ஒரே எழுத்து. ஆங்கிலம் அல்லாத எழுத்து எதுவானாலும் கிட் இப்படி எண்மக் குறியீடாகத்தான் காட்டும். 'கிட் கான்ஃபிக் --குளோபல் கோர்.கோட்பாத் ஃபால்ஸ்' என்று ஒருமுறை கொடுத்தால் தமிழிலேயே தெரியும். (கோட்பாத் என்பது மேற்கோளைக் குறிக்கும் சொல்லும் பாத்தும் சேர்ந்தது, இடைவெளி விடாதீர்கள்.)

விண்டோஸின் கறுப்புத் திரையில் கொம்பும் காலும் தனித்தனியே பிரிந்து தெரிந்தால் அது திரையின் குறை.

உண்மையான சிக்கல் வேறு. 'கோ' போன்ற எழுத்தின் உயிர்க்குறியை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். 'ோ' ஒரே குறியாக இருக்கலாம், 'ே' என்றும் 'ா' என்றும் இரண்டாகவும் இருக்கலாம். கண்ணுக்கு ஒரே பெயர், கிட்டுக்கு இரண்டு கோப்பு. பட்டறையில் மேக்கும் விண்டோஸும் கலந்து ஓடினால், மேக்கில் 'கோர்.ப்ரீகம்போஸ்யுனிகோட்' என்ற கிட் அமைப்பு 'ட்ரூ' என்று இருக்கிறதா பாருங்கள்.

மேக்கை அப்டேட் செய்தேன். கிட் போய்விட்டது; 'இன்வேலிட் ஆக்டிவ் டெவலப்பர் பாத்' என்கிறது. – பள்ளத்தூர்

மேக்கின் கிட், ஆப்பிளின் கமாண்ட் லைன் டூல்ஸோடு வருவது. பெரிய அப்டேட்டில் அந்த இணைப்பு அறுந்துபோவது வழக்கம். 'எக்ஸ்கோட்-செலக்ட் --இன்ஸ்டால்' கொடுத்து, வரும் பெட்டியில் சம்மதியுங்கள். சில நூறு எம்பி இறங்கும், மொபைல் டேட்டாவில் தொடங்காதீர்கள். ஹோம்ப்ரூ (மேக்கில் மென்பொருள் நிறுவ உதவும் கருவி) வழியாகக் கிட் போட்டிருந்தும் பழைய பதிப்பே வந்தால் 'விச் கிட்' என்று கட்டளை கொடுத்து அது எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். யுஎஸ்ஆர்/பின் என்று தொடங்கினால் ஆப்பிளுடையது. எம் வகைச் சில்லுள்ள மேக்கில் ஹோம்ப்ரூவுடையது ஆப்ட்/ஹோம்ப்ரூ அடியில் இருக்கும்.

பென்டிரைவில் ரெப்போ (கிட் கவனிக்கும் ஃபோல்டர்) வைத்து வீட்டிலும் லேபிலும் மாறி மாறி வேலை செய்கிறேன். 'டூபியஸ் ஓனர்ஷிப்' என்று தடுக்கிறது. – கோட்டையூர்

2022-ல் வந்த 2.35.2 முதல், ஃபோல்டரின் உரிமையாளர் நீங்கள்தானா என்று கிட் சரிபார்க்கிறது. பென்டிரைவில் கோப்புகளைச் சேமிக்கும் ஃபேட் அமைப்பில் உரிமையாளர் விவரமே பதிவாவதில்லை. 'கிட் கான்ஃபிக் --குளோபல் --ஆட் சேஃப்.டைரக்டரி' என்று எழுதி ஃபோல்டரின் முழுப் பாதையைச் சேருங்கள். நட்சத்திரக் குறி போட்டு எல்லாவற்றையும் அனுமதிக்கும் குறுக்குவழி பலரும் பயன்படும் லேபில் வேண்டாம்.

உபுண்டு லினக்ஸில் கிட் நிறுவப் போனால் 'குட் நாட் கெட் லாக்' என்று வருகிறது. – திருப்பத்தூர்

பின்னணியில் தானியங்கி அப்டேட் ஓடுகிறது. பத்து நிமிடம் பொறுத்து 'சூடோ ஆப்ட் அப்டேட்', பிறகு 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால் கிட்'. லாக் கோப்பை (ஒரே நேரத்தில் இரண்டு நிறுவல் ஓடாமல் தடுக்கும் கோப்பு) அழிக்கச் சொல்லும் யோசனையைக் கேட்காதீர்கள். பாதியில் நின்ற நிறுவலைச் சரிசெய்வது இதைவிடப் பெரிய வேலை.