எலி ஆராய்ச்சியாளர் வகுப்பறைக்கு என்ன சொல்ல முடியும்?

கேள்வி: பதினைந்து ஆண்டுகளாக எலிகளின் நினைவாற்றலை ஆராய்கிறேன். கற்றல் பற்றிய மூளை அறிவியலைக் கல்வி அதிகாரிகளுக்குப் புரியும்படி எழுதித்தர, சர்வதேச மூளை ஆராய்ச்சி அமைப்பும் யுனெஸ்கோவின் சர்வதேசக் கல்வி அலுவலகமும் தரும் ஃபெலோஷிப்புக்கு விண்ணப்பிக்கச் சொல்கிறார் துறைத் தலைவர். பள்ளிக்கூடத்தைப் பற்றி ஒன்றும் தெரியாத நான் போகலாமா?
- வாசகி, பெங்களூரு

பதில்: போங்கள். இந்தத் தயக்கம் உள்ளவர்தான் அங்கே தேவை.

உங்களைப் போன்றவர்கள் பேசாததால் என்ன ஆனது தெரியுமா? 2012-ல் இங்கிலாந்திலும் நெதர்லாந்திலும், மூளை அறிவியலில் ஆர்வமுள்ள ஆசிரியர்களிடமே கேட்டுப் பார்த்தார்கள். 'பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர் என்று பிள்ளைகளைப் பிரித்து, அதற்கேற்பக் கற்பித்தால் நன்றாகப் படிப்பார்கள்' என்பதை நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் நம்பினார்கள். அதற்குத் தக்க ஆதாரம் இல்லை என்று 2008-லேயே ஆய்வாளர்கள் எழுதிவிட்டார்கள். அந்தச் செய்தி பள்ளிக்கூட வாசலைத் தாண்டவில்லை.

ஆனால் ஒன்று. எலியிடம் கண்டதை அப்படியே கால அட்டவணையாக்கிவிடாதீர்கள். படித்ததையே திரும்பப் படிப்பதைவிடப் புத்தகத்தை மூடிவிட்டு நினைவுபடுத்திப் பார்ப்பது நல்லது என்று நாம் தைரியமாகச் சொல்வது, மாணவர்களை வைத்தே சோதித்ததால்தான். 2006-ல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற உளவியலாளர்கள் நடத்திய சோதனையில், ஐந்து நிமிடம் கழித்துத் தேர்வு வைத்தபோது, திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துத் தேர்வு வைத்தபோது, நினைவுபடுத்திப் பார்த்தவர்கள் முந்தினார்கள். இது எலியில் தெரிந்தது, இது பிள்ளைகளிடம் சோதித்தது என்று நீங்கள் எழுதும் குறிப்பில் பிரித்துக் காட்டுங்கள்.

அப்புறம், அறிவியல் சரியாக இருந்தாலும் வேலை பாதிதான். வளரிளம் பருவத்தில், தூங்கும் நேரத்தை உடலுக்கு உணர்த்தும் மெலடோனின் என்ற ஹார்மோன் இரவில் தாமதமாகச் சுரக்கிறது, அதனால் தூக்கமும் தள்ளிப்போகிறது. கலிபோர்னியாவில் இதை வைத்து 2019-ல் சட்டம் போட்டார்கள். 2022 ஜூலை முதல் பெரும்பாலான உயர்நிலைப் பள்ளிகள் காலை 8.30-க்கு முன் தொடங்கக் கூடாது. எதிர்ப்பு கிளம்பியது பேருந்து நேரத்தையும் பெற்றோரின் வேலை நேரத்தையும் வைத்து. மூளைப் படத்தில் இதெல்லாம் தெரியாது.

நீங்கள் சொன்ன அந்தச் சர்வதேசக் கல்வி அலுவலகம் ஜெனீவாவில் இருக்கிறது. அதற்கு 1929 முதல் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் இயக்குநராக இருந்தவர், குழந்தைகளின் சிந்தனை வளர்வதை ஆராய்ந்த சுவிஸ் உளவியலாளர் ழான் பியாஜே. தன் பிள்ளைகளைப் பொறுமையாகக் கவனித்துக் கவனித்தே எழுதியவர் அவர். நீங்களும் விண்ணப்பம் எழுதும் முன், பக்கத்து அரசுப் பள்ளியில் அனுமதி கேட்டு ஒரு வாரம் கடைசி பெஞ்சில் உட்காருங்கள். நோட்டுப் புத்தகம் மட்டும் போதும்.