எத்தனையாவது நகல்?

கேள்வி: கிரேட்ஃபுல் டெட் ராக் குழுவின் கச்சேரிகளை ரசிகர்களே பதிவு செய்து பரிமாறிக்கொண்டார்களாமே, குழு தடுக்கவில்லையா?

பதில்: தடுப்பதா! 1984 அக்டோபரில் கலிபோர்னியாவின் பெர்க்லி நகரக் கச்சேரிகளில், பதிவு செய்யும் டேப்காரர்களுக்கென்று மிக்சிங் மேசைக்கு (ஒலியைக் கலந்து சரிசெய்யும் மேசை) பின்னால் தனி இடமே ஒதுக்கினார்கள். விற்கக் கூடாது, அவ்வளவுதான். பதிவு வைத்திருக்கும் ரசிகருக்குக் காலி கேசட்டும் தபால் செலவும் அனுப்பினால் அப்போது நகல் வந்துவிடும். கேசட் காலத்தில் நான் முதலில் விசாரிப்பது, "இது எத்தனையாவது நகல்?" என்றுதான். நகலிலிருந்து நகல் எடுக்க எடுக்க இரைச்சல் ஏறும். எனக்கு வந்த ஐந்தாவது நகல் ஒன்றில் கிடார் ஏதோ மழைக்கு அப்பால் கேட்டது. பதிவு செய்தவருக்குப் பக்கத்தில் இருந்தவரின் இருமல் மட்டும் படு தெளிவு! அப்புறம், இப்போது ஃப்ளாக் (FLAC, ஒலி எதையும் இழக்காமல் சுருக்கிய) கோப்பு கிடைத்தால் எம்பி3 ஆக்கி அடுத்தவருக்குக் கொடுக்காதீர்கள். எம்பி3 ஆக்கும்போது வெட்டுப்பட்ட ஒலி திரும்ப வராது.