லேப் திருத்தி ‘3/5’ என்று மட்டும் காட்டுகிறது. மாணவருக்கு எங்கே தப்பு என்று சொல்ல வைப்பது எப்படி?

கேள்வி சுருக்கமாக இது: முதலாண்டு பைத்தான் லேப், 120 பேர். கணக்குக்கு ஐந்து டெஸ்ட் கேஸ் (இந்த இன்புட்டுக்கு இந்த விடை வர வேண்டும் என்ற சோதனை). சப்மிட் செய்தால், புரோகிராமைத் தானாகச் சோதிக்கும் திருத்தியிலிருந்து ‘3/5’ என்று வருகிறது, வேறொன்றும் இல்லை. பிள்ளைகள் யோசிக்காமல் ஏதோ ஒரு வரியை மாற்றிவிட்டுத் திரும்பத் திரும்ப சப்மிட் செய்கிறார்கள்.

அமெரிக்காவின் ரென்சலேர் பாலிடெக்னிக்கில் துளை அட்டையில் வந்த மாணவர் புரோகிராம்களைத் திருத்த ஒரு திருத்தி இருந்தது. அதைப் பற்றி ஜாக் ஹோலிங்ஸ்வொர்த் 1960-ல் எழுதினார். அது தந்த பதில்கள் இரண்டே: ‘தவறான விடை’, ‘கணக்கு முடிந்தது’. உங்கள் திருத்தியும் அங்கேயேதான் நிற்கிறது. இதற்காகப் புது மென்பொருள் வாங்க வேண்டாம். மூடுல் என்ற பாடத் தளத்தில் புரோகிராம் திருத்தும் கோட்ரன்னர் இருந்தாலும் வேறெது இருந்தாலும், மாற வேண்டியது டெஸ்ட் கேஸும் அதோடு வரும் செய்தியும்தான்.

‘பட்டியலில் இரண்டாவது பெரிய எண்ணைக் கண்டுபிடி’ என்ற கணக்கை எடுத்துக்கொள்வோம். பலர் 9, 4, 7 என்று மூன்று எண்ணைக் கொடுத்துச் சோதிப்பார்கள். மூன்று எண்ணை எந்தப் பக்கம் வரிசைப்படுத்தினாலும் நடுவில் இருப்பது 7 தான். ஏறுவரிசையில் அடுக்கிவிட்டு இண்டெக்ஸ் 1-ஐ (பைத்தான் 0-விலிருந்து எண்ணுவதால் இது இரண்டாவது இடம்) எடுத்த தப்பான புரோகிராமும் பாஸாகிவிடும். நான்கு எண்ணாகக் கொடுங்கள், பெரியதை முதலில் வையுங்கள்: 9, 2, 7, 4. சரியான விடை 7. தப்பாக வரும் விடையைப் பார்த்தே காரணத்தை ஊகிக்கலாம்:

0 வந்தால், ‘மேக்ஸ்’ (இதுவரை பெரியது), ‘இரண்டாவது’ என்ற இரண்டு மாறிகளையும் 0-வில் தொடங்கியிருக்கிறார். ‘மேக்ஸைவிடச் சிறியது, ஆனால் இரண்டாவதைவிடப் பெரியது’ என்று பார்க்கும் எலிஃப் (இல்லையென்றால்-இப்படியானால்) கிளையை விட்டுவிட்டார்.
9 வந்தால், இரண்டு மாறிக்கும் முதல் எண்ணையே கொடுத்துத் தொடங்கியிருக்கிறார்.
4 வந்தால், ஏறுவரிசையில் அடுக்கி இண்டெக்ஸ் 1-ஐ எடுத்திருக்கிறார்.
2 வந்தால், முதல் இரண்டு எண்ணில் தொடங்கி, எலிஃப் எழுதவில்லை.

ஆனால் இந்த ஒரு கேஸ் போதாது. புதிய பெரிய எண் வரும்போது பழைய மேக்ஸை இரண்டாவதுக்கு இறக்க மறந்த புரோகிராம் இதில் ஜோராகப் பாஸாகும். அதைப் பிடிக்க 1, 3, 6, 8 என்று ஏறுமுகமாக ஒன்று வேண்டும். 0-வில் தொடங்கியவரைப் பிடிக்க எல்லாம் மைனஸாக ஒன்று: −4, −9, −7. ஒவ்வொரு டெஸ்ட் கேஸும் மற்றவை பிடிக்காத ஒரு தப்பையாவது குறிவைக்க வேண்டும். ஐந்து கேஸும் ஒரே தப்பைச் சோதித்தால் ‘0/5’ என்பதற்கும் ‘4/5’ என்பதற்கும் பொருளே இல்லை.

இந்தத் தப்பு விடைகளை உட்கார்ந்து கற்பனை செய்ய வேண்டியதில்லை. போன வருடம் தோற்றுப்போன சப்மிஷன்களில் நாற்பதை எடுத்து இந்த இன்புட்டுகளில் ஓட்டி, ஒரே அவுட்புட் வருபவற்றைச் சேர்த்து வையுங்கள். பெரும்பாலானவை நான்கைந்து குவியலில் அடங்கிவிடும். குவியலுக்கு ஒரு செய்தி எழுதினால் போதும், மிச்சத்துக்கு ‘வேறு’ என்று ஒன்று. செய்தியில் இன்புட், எதிர்பார்த்தது, வந்தது மூன்றையும் காட்டி, கூடவே ஒரு கேள்வி கேளுங்கள்: ‘முதல் எண்ணே பெரியதாக இருந்தால், உங்கள் புரோகிராமில் எந்த வரி இரண்டாவதை மாற்றும்?’ ‘எலிஃப் சேர்க்கவும்’ என்று எழுதிவிட்டால் அவர் சேர்த்துவிடுவார், ஆனால் ஏன் என்று தெரிந்திருக்காது.

ஹார்வர்டின் அறிமுகக் கணினிப் பாடமான சிஎஸ்50-க்கான செக்50 என்ற திருத்தி செய்கிற ஒரு காரியத்தையும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். அங்கே ஒரு சோதனை இன்னொன்றைச் சார்ந்திருக்கும். கம்பைல் ஆகவில்லை என்றால் அதைச் சார்ந்தவை ஓடவே ஓடாது. பைத்தானில் ஒரு இண்டெண்டேஷன் (வரித் தொடக்க இடைவெளி) பிசகினால் ஐந்து சிவப்புக் குறி காட்டுவது சுத்த அநியாயம்.

அவுட்புட்டை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடாதீர்கள். வரிக்கடைசி இடைவெளியையும் கடைசி வெற்று வரியையும் வெட்டிவிட்டு ஒப்பிடுங்கள். என்பிடெல் என்ற இணையப் பாடத் தளத்திலும் இந்தத் தளர்வு உண்டு. தசம எண்ணுக்கு பத்து லட்சத்தில் ஒரு பங்கு வரை விட்டுக்கொடுங்கள், 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் பைத்தான் 0.30000000000000004 என்றுதான் அச்சிடும். இன்னொன்று பலருக்கும் புரியாமல் போவது: இன்புட் ஃபங்ஷனுக்குள் ‘எண்ணைக் கொடு:’ என்று எழுதினால் அந்த வாசகமும் அவுட்புட்டில் கலந்துவிடும். லாஜிக் சரியாக இருந்தும் 0/5 வரும். அதற்கென்றே தனிச் செய்தி வையுங்கள், வகுப்பில் பாதிக் குழப்பம் தீரும்.

திருத்தியின் பாதுகாப்புக்கு வரம்புகள்: ஒரு டெஸ்டுக்கு 2 விநாடி, 256 எம்பி நினைவகம், அவுட்புட்டுக்கு 64 கேபி. மூன்றாவதை மறந்தால், முடியாத லூப்புக்குள் இருக்கும் ஒரு பிரிண்ட் டிஸ்க்கையே நிரப்பிவிடும். கன்டெய்னரில் (மற்றவற்றிலிருந்து பிரித்து வைத்த சூழலில்) ஓட்டி நெட்வொர்க்கை அணைத்துவிடுங்கள். மாணவர் புரோகிராமை வேறு பயனராக ஓட்டினால்தான் அது விடைக் கோப்பைப் படிக்காது. புரோகிராம் முடியும்போது தரும் வெளியேறும் குறியீடு 0 (பிழையில்லாமல் முடிந்தது) என்றால் பாஸ் என்று மட்டும் வைத்திருந்தீர்களானால், முதல் வரியிலேயே எக்ஸிட் 0 எழுதி முழு மார்க் வாங்கிவிடலாம். கடைசி டெஸ்டும் ஓடி முடிந்ததா என்று தனியாகப் பாருங்கள்.

சப்மிட் மழைக்கு மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் மார்மோசெட் என்ற திருத்தியில் நல்ல வழி இருந்தது. வெளிப்படையான டெஸ்டுகளுக்குக் கணக்கில்லை. மறைத்து வைத்தவற்றின் முடிவைப் பார்க்க ஒரு டோக்கன் செலவழிக்க வேண்டும், அது திரும்பக் கிடைக்க 24 மணி நேரம் ஆகும். சீக்கிரம் தொடங்கியவருக்கே டோக்கன் அதிகம். மறைந்த டெஸ்டில் இன்புட்டைக் காட்டாமல் ‘எல்லாம் மைனஸ் எண்கள்’ என்று வகையை மட்டும் சொல்லுங்கள். காட்டினால் இஃப் போட்டு விடையை நேரடியாக எழுதிவிடுவார்கள்.

ஏஐ-யிடம் விடலாமா என்றால், தோற்ற டெஸ்டையும் அதன் அவுட்புட்டையும் கொடுத்து விளக்கம் எழுதச் சொல்லலாம். மார்க் போட விடாதீர்கள். ஒரே புரோகிராமுக்கு நாளைக்கு வேறு மார்க் தரலாம்.

வாரம் ஒருமுறை அந்த ‘வேறு’ குவியலைத் திறந்து பாருங்கள். ஐந்து பேருக்கு ஒரே தப்பு விடை என்றால் புதுச் செய்தி ஒன்று எழுத வேண்டும். நாற்பது பேருக்கு என்றால் கேள்வித்தாளை எடுங்கள்: 8, 8, 3-ல் இரண்டாவது பெரியது 8-ஆ 3-ஆ என்று அதில் எழுதியிருக்கிறதா?